இரவில் இறங்கும் வண்டி

காற்றுப் பையில் நிற்கும் கார் ஒன்று இரவோடு இரவாகப் பின்பக்கம் படுத்துவிட்டால், பார்ப்பவர்கள் எல்லோரும் "காத்து இறங்கிட்டுது" என்பார்கள். அது சரிதான். ஆனால் கூடவே, பைக்குள் அழுத்தமும் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. காரின் பாரம் மாறவில்லை. அந்தப் பாரத்தைத் தாங்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவும் பைக்குள் இருந்தே ஆக வேண்டும். காற்று கசியக் கசியப் பை சுருங்குகிறது. மிஞ்சிய காற்று அதே பாரத்தைக் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு சுமக்கிறது. போவது உயரம் மட்டும்தான். அச்சுக்கு மேலே இருக்கும் றப்பர்த் தடுப்பில் காரின் சட்டம் போய்க் குந்தும்வரை, கசிகிற பை தன் பங்குப் பாரத்தை இறக்கி வைப்பதே இல்லை.

இது விளங்கிய பிறகு, காலையில் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் காரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. கீழே படுத்து, எங்கே கசிகிறது என்று பார்க்கவேண்டும் போல் இருக்கும்.

நான் பேசுவது லிங்கன் டவுன் கார் பற்றி. ரொறன்ரோவில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களைக் குளிருக்குள்ளால் முதல் வீட்டுக்குக் கூட்டிப்போனது ஒரு கறுப்பு டவுன் கார். கலியாணத்துக்கு வந்த நீட்டு லிமோசின் பலவேளை இதே சட்டத்தை வெட்டி நீட்டியது. செத்தவீட்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு முன்னால் போகும் வண்டியிலும் இதே சட்டத்தைக் காணலாம். 2007 வரை மிச்சிகன் மாநிலத்து விக்சம் ஆலையில் இதைச் செய்தார்கள். பிறகு எங்கள் ஒன்ராறியோவிலேயே, ரொறன்ரோவுக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றரில் இருந்த சென் தோமஸ் ஆலைக்கு வேலை வந்தது. 2011 ஓகஸ்டில் கடைசி டவுன் கார் வெளியே வந்தது. அடுத்த மாதம் ஆலையையும் மூடினார்கள். எங்கள் வீட்டில் நிற்பது 2000களின் தொடக்கத்தில் செய்த விக்சம் கார். விமான நிலைய ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணையிடம் வாங்கியது.

அதை வாங்கியதற்குக் காரணம் அம்மாவின் முதுகு. முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எந்தக் காரில் ஏறினாலும் அவருக்குச் சாலையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். மார்ச் மாதத்து ரொறன்ரோச் சாலையில் வெடிப்புக்குக் குறைவில்லை. இந்தக் காரின் பின்சீட்டில் மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆகவே பின்பக்கம் தாழத் தொடங்கியபோது எனக்கு முன்னால் இருந்தது அழகுப் பிரச்சினை இல்லை.

இந்தக் காரில் முன்சில்லுகளுக்கு இரும்புச் சுருள். பின்னால் மட்டும் அச்சின் மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு றப்பர்ப் பைகள். எஞ்சின் அறையின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பிரசர். அதோடு ஒட்டினாற்போல் உலர்த்தி, அதாவது ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய ஒரு குப்பி. அங்கிருந்து பேனா ரீஃபிலைவிடச் சற்றே தடித்த நைலோன் குழாய் காரின் முழு நீளத்துக்கும் ஓடிப் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பையிலும் ஒரு சொலனொயிட் வால்வு உண்டு. மின்சாரம் வந்தால் அது திறக்கும், இல்லையென்றால் மூடிக் கிடக்கும். சட்டத்துக்கும் அச்சின் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சென்சர். பின்பக்கம் உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். டிக்கியில் நாலு பெட்டி ஏறினால் பின்பக்கம் தாழும்; கொம்பிரசர் ஓடி அதை நிமிர்த்தும். பெட்டியை இறக்கினால் வால்வுகள் திறந்து மிச்சக் காற்று சீறிக்கொண்டு வெளியே போகும். அந்தச் சத்தத்தைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு வோல்வோ பஸ்ஸில் போனவர்களும் கேட்டிருப்பார்கள். அந்தப் பஸ்ஸும் காற்றின் மேல்தான் போகிறது.

இரும்புச் சுருளின் விறைப்பு மாறாது. தனியாக ஓட்டினாலும் அதே விறைப்பு, ஆறு பேர் ஏறினாலும் அதே விறைப்புத்தான். சுமைக்கு ஏற்றபடி சுருளைத் தெரிவுசெய்தால் வெறும் கார் துள்ளும். வெறும் காருக்கு ஏற்றபடி தெரிவுசெய்தால் சுமையில் பின்பக்கம் படுத்து, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். காற்று அப்படியில்லை. பாரம் கூடினால் பைக்குள் அழுத்தம் கூடும், அழுத்தத்தோடு விறைப்பும் கூடும். அதனால் காலியாகப் போனாலும் நிறைந்து போனாலும் கார் ஆடும் தாளம் அவ்வளவாக மாறுவதில்லை. அம்மா கண்ணை மூடிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

காற்றை நம்பி வண்டி ஓட்டலாம் என்ற யோசனை ரயரோடு வந்தது. ரொபர்ட் வில்லியம் தொம்சன் காற்று ரயருக்கு 1845 இல் காப்புரிமை எடுத்தார். அதை உலகம் மறந்துபோக, 1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லொப் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக மறுபடி கண்டுபிடித்தார். ரயர் உலகமெங்கும் போய்விட்டது. ஸ்பிரிங்கின் இடத்துக்குக் காற்று வர இன்னும் நெடுங்காலம் பிடித்தது. 1953 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் பஸ்களில் அது வந்து நிலைத்தது. 1957 இல் அதே நிறுவனத்தின் கடிலாக் எல்டொராடோ புரோமில் வந்தது. அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் மற்றக் கார்களிலும் விரும்பியவர்களுக்குக் கொடுத்தார்கள். கார்களில் நிலைக்கவில்லை. கசிந்தது, வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் போட்டுக்கொண்டார்கள். ஒரே காலம், ஒரே நிறுவனம், பஸ்ஸில் நின்றது காரில் ஏன் நிற்கவில்லை? பஸ்ஸில் பிரேக்குக்காக ஏற்கெனவே பெரிய கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் டிப்போவில் அதைச் சுற்றிவந்து பார்க்க ஆளும் இருந்தார். கார் வைத்திருந்தவருக்கு அப்படி யாரும் இல்லை என்பதே என் எண்ணம். 1984 இல் ஃபோர்ட் லிங்கன் கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு காற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. பார்க்கும் வேலையைச் சென்சரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் எடுத்துக்கொண்டன.

ஆனால் அந்தப் பெட்டி பார்ப்பது உயரத்தை மட்டும்தான். கசிவு அதற்குத் தெரியாது. உயரம் குறைந்தால் கொம்பிரசரை ஓட்டும், அவ்வளவே அதன் வேலை. அதனால் கசிவு சிறிதாக இருக்கும் காலம் முழுக்கக் கார் வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரவில் கொஞ்சம் இறங்கும், காலையில் சாவியைத் திருப்பியதும் கொம்பிரசர் ஏற்றிவிடும். கசிவு கூடக் கூடக் கொம்பிரசர் ஓடும் நேரமும் கூடும். அது தொடர்ந்து ஓடச் செய்யப்பட்ட யந்திரம் அல்ல; சிறிது ஓடி, நெடுநேரம் ஆறவேண்டியது. சூடேறி உள்வளையம் தேயும். அளவுக்கு மேல் இழுத்த காற்றின் ஈரத்தில் உலர்த்தியின் மணிகள் ஊறிப்போகும். பிறகு அந்த ஈரம் குழாய்க்குள் போகும், சனவரியில் அங்கேயே உறையும். ஒருநாள் கொம்பிரசர் நின்றுவிடும். அன்றுதான் கார் எழும்பாமல் கிடக்கும். கராஜில் கொம்பிரசரை மாற்றுவார்கள். கசிவு அப்படியே இருக்கும். புதுக் கொம்பிரசரும் அதே பாட்டில் ஓடத் தொடங்கும். நின்றுபோனது கொம்பிரசர்தான், ஆனால் அதைக் கொன்றது வேறொன்று.

எங்கள் வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். ஒருவர் வாய் திறக்காமல் இரண்டாவது வேலைக்குப் போய் வீட்டுக் கடனின் துண்டுவிழும் தொகையை மாதாமாதம் நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் நிரப்பும்வரை வீட்டில் ஒருவருக்கும் கணக்குப் பார்க்கத் தோன்றாது. எனக்குக் கார் விற்ற அண்ணை பகலில் விமான நிலையமும் இரவில் தொழிற்சாலையுமாக இருந்தவர். முழங்கால் இரண்டும் போன பிறகுதான் அவர் நின்றார். அவர் காரைக் கையளிக்கையில் சொன்ன ஒரே புத்திமதி இது: "பிள்ளை, பின்பக்கம் பதிஞ்சால் உடனை பையை மாத்தாதை. முதல் சவர்க்காரத் தண்ணியைத் தெளிச்சுப் பார்."

நான் முதலில் விசாரித்த கராஜில் காரின் கீழே பார்க்காமலேயே இரண்டு பை, கொம்பிரசர், உலர்த்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். கசிவு எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் மாற்றினால் கசிவும் போய்விடும்தானே என்றார்கள். அந்தப் பதிலில் தந்திரம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் இடத்தில் தேடுவதைவிட மாற்றுவது மலிவு. தேடுவதற்கு நேரம் இருப்பது வீட்டில்தான்.

தேடுவதற்குமுன் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். 20 பாகையில் நிறைத்த காற்று மைனஸ் 20க்குப் போனால், கசிவு ஒரு துளியும் இல்லாவிட்டாலும், அதன் கனவளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். பாரம் அதே பாரம் என்பதால் அழுத்தம் குறைய வழியில்லை, பைதான் சுருங்கும். அதனால் சனவரியில் காலையில் கொஞ்சம் தாழ்ந்து நின்றால் அது வியாதி இல்லை. இரண்டு பக்கமும் ஒரேயளவாகத் தாழ்வதும் ஒரு பக்கம் மட்டும் சாய்வதும் ஒன்றல்ல. எங்கள் கார் ஒக்ரோபரிலேயே, குளிர் முற்றுமுன், இடப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்தது. இரவில் தரையிலிருந்து சில்லின் வளைவுவரை அளவுநாடா பிடித்து இரண்டு பக்கமும் குறித்துவைத்து, காலையில் மறுபடி பிடித்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும்.

இனி, கசிவைத் தேடும்போது பையின் மேல் பாரம் இருக்க வேண்டும். அதனால் பின்சில்லுகளைச் சரிவு மேடைகளில் ஏற்றி, முன்சில்லுகளுக்கு அணை வைத்து, காரை அணைத்துவிட்டுக் கீழே போனேன். சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கிகளும் நின்றன. காற்றில் நிற்கும் வண்டியின் கீழே தலையை வைப்பவர் காற்றை மட்டும் நம்பக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், தண்ணீர், தெளிக்கும் போத்தல் ஒன்று. பையின் கீழ்ப்பாகம் பிஸ்டனின் மேல் மடிந்து உருளும் இடம் எப்போதும் முதற் சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு குழியிலும் றப்பர் மடிவது அங்கேதான். அந்த மடிப்பில் மெல்லிய வெடிப்புகள், முதியவர் புறங்கையின் தோல்போல. தெளித்துவிட்டுக் காத்திருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. குழாய் மூட்டுகளிலும் வரவில்லை. சொலனொயிட் பைக்குள் நுழையும் கழுத்தில் தெளித்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கழுத்தின் பின்புறத்தில், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் இடத்தில், கடுகளவு வெள்ளைக் குமிழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நுரையாகத் திரண்டன. சத்தமே இல்லை. காதை வைத்தாலும் கேட்காத கசிவு. ஓர் இரவு முழுக்க இதே வேகத்தில் போனால் காலையில் கார் படுத்துவிடும் என்பதை அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நம்பமுடிந்தது.

சொலனொயிட்டைக் கழற்றுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சரிவு மேடையிலிருந்து காரை இறக்கி, டிக்கிக்குள் இருக்கும் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைத்து, சட்டத்தின் பாரத்தை ஜாக்கால் தூக்கித் தாங்கிகளில் இருத்த வேண்டும். பின்பு வால்வைப் பிடித்திருக்கும் கொளுக்கியை எடுத்துவிட்டு, வால்வை முதல் நிறுத்தம்வரை திருப்ப வேண்டும். அங்கே நிற்க வேண்டும். காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். சீற்றம் முழுவதும் அடங்கிய பிறகே இரண்டாம் நிறுத்தத்துக்குத் திருப்பி இழுக்கலாம். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பினால் அழுத்தத்தில் வால்வு குண்டுபோல் பாயும். இதைச் செய்தவர்கள் இரண்டு கட்டமாகப் பிரித்துவைத்தது, கீழே படுத்திருக்கும் ஒருவரின் முகத்தை நினைத்துத்தான். அந்த முதல் நிறுத்தத்தில் கை தானாக நிற்பதை உணர்ந்தபோது, எங்கோ ஒரு வரைபட மேசையில் இருந்த, நான் ஒருநாளும் காணாத பொறியியலாளருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வெளியே வந்த வால்வின் கழுத்தில் இரண்டு றப்பர் வளையங்கள். ஓ-றிங் என்பார்கள். புது வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதியதன் விளிம்பு உருண்டையாக இருக்கும். விரலுக்குள் உருட்டினால் துள்ளும். பழையது வெளிப்பக்கம் தட்டையாகி, சதுரமாகி, நகத்தால் அழுத்தினால் தழும்பு அப்படியே நின்றது. இருபது வருடம் ஒரே பள்ளத்தில் நசுங்கிக் கிடந்த வளையம் அந்தப் பள்ளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது. குளிரில் இன்னும் விறைத்து, சுவரை விட்டு ஒரு மயிரிழை விலகுகிறது. முழு இரகசியமும் அந்த மயிரிழைதான். இரண்டு தொன் காரை இரவில் இறக்கிவைப்பது சட்டைப் பொத்தானைவிட மலிவான ஒரு றப்பர் வளையம்.

மற்றதெல்லாம் விரைவாக முடிந்த வேலை. கழுத்தைப் பஞ்சுத் துணியால் துடைத்து, றப்பரைத் தின்னாத சிலிக்கன் கிறீஸ் பூசி, புது வளையங்களை இட்டு, வால்வை உள்ளே தள்ளிப் பூட்டினேன். வலப்பக்கத்துக்கும் அதையே செய்தேன், வயது இரண்டுக்கும் ஒன்றுதானே. குழாயின் நுனியில் கீறல் இருந்ததால் கூரிய அலகால் நேராக வெட்டித் திரும்பச் செருகினேன். கவனம் வேண்டியது இறக்கும்போதுதான். வெறும் பையின் மேல் காரின் பாரத்தை இறக்கினால் றப்பர் மடிந்து நசுங்கும். அதோடு பை முடிந்தது. பாரம் ஜாக்கில் இருக்கும்போதே, சென்சர் தாழ்வு என்று காணும் அளவுக்கு மட்டும் இறக்கி, சுவிட்சைப் போட்டு, சாவியைத் திருப்பி, பையில் காற்று ஏறவிட வேண்டும். மடிப்பு ஒழுங்காக உருண்டு விரிகிறதா என்று கைவிளக்கால் பார்த்த பிறகே மிச்ச இறக்கம்.

காலையில் அளவுநாடா இரவில் காட்டியதையே காட்டியது. கொம்பிரசர் பழையதுதான். இப்போது அம்மா ஏறி உட்கார்ந்ததும் சிறிது ஓடி, நின்றுவிடுகிறது. மடிப்பில் வெடிப்புக் கண்ட பைகளை வரும் கோடையில் மாற்றுவேன். அவை இன்னும் கசியவில்லை, ஆனால் அந்தத் தோல் நெடுநாள் தாங்காது.

இந்தக் காருக்கு இரும்புச் சுருள் போடும் பொதிகள் எங்கும் கிடைக்கும். ஒரு பிற்பகலில் பூட்டிவிடலாம், பிறகு கசிவு என்ற பேச்சே இல்லை. காரில் நாள் முழுக்க உழைத்துச் சாப்பிடுபவர் அதைத் தெரிவுசெய்தால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். ஒருநாள் ஓட்டம் நின்றால் ஒருநாள் வருமானம் போகும். ஆனால் வீட்டில் வைத்திருப்பவர்கள், கசிவைத் தேடாமலே காற்றைக் கைவிடுவது எனக்குச் சம்மதமில்லை. சுருள் போட்ட டவுன் காரின் பின்சீட்டில் அம்மாவோடு போயிருக்கிறேன். ஒவ்வொரு பாலத்தின் மூட்டிலும் அவர் கை முன்சீட்டின் முதுகைப் பிடித்தது. அந்தக் காரும் நேராகத்தான் நின்றது. பார்க்க ஒரு குறையும் இல்லை. அதன் மென்மை மட்டும் போயிருந்தது.

ஒரு மலிவான வளையத்துக்காக அதை இழக்க வேண்டியதில்லை. சென் தோமஸ் ஆலை மூடி ஒரு தசாப்தத்துக்கு மேலாகிறது, இனி இப்படி ஒரு கார் அங்கிருந்து வரப்போவதில்லை. ஆனால் வளையமும் பையும் குழாயும் இன்னும் கடையில் கிடைக்கின்றன. உங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒன்று பின்பக்கம் தாழ்ந்து நின்றால், காசை எண்ணுமுன் ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீரைக் கரையுங்கள். வெளிச்சம் இருக்கும்போது செய்யுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஜாக் போடுமுன் டிக்கிச் சுவிட்சை மறக்காமல் அணையுங்கள். அணைக்காவிட்டால், அச்சு கீழே தொங்குவதைக் கண்டு கார் உயர்ந்துவிட்டதாகச் சென்சர் சொல்லும், நீங்கள் கீழே படுத்திருக்கும்போதே பைகள் காற்றை வெளியே விட்டுவிடும்.